அருணை அடிவாரத்தில் எமர்சனும் தோரோவும்



ரமணாசிரமம் பகுதியில் அமர்ந்து எமர்சனையோ தோரோவையோ படிக்கத் தொடங்கும் தமிழ் வாசகருக்கு முதலில் தோன்றுவது வியப்பன்று, உரிமையுணர்வு. 'இது நம் வீட்டுச் சரக்கு. கடல் கடந்து சென்று ஆங்கிலச் சட்டை அணிந்து திரும்பியிருக்கிறது' என்று மனம் மகிழ்கிறது. அம்மகிழ்ச்சிக்குச் சான்றுகளும் உள்ளன. 1785இல் வில்கின்ஸ் ஆங்கிலத்தில் தந்த பகவத்கீதையை எமர்சன் போற்றிப் படித்தார். தோரோ அதனை வால்டன் குளக்கரைக்கே எடுத்துச் சென்றார். அவர்கள் நடத்திய 'டயல்' என்னும் இதழில் மனுநூலின் பகுதிகள் 1843இல் வெளிவந்தன. (அவ்விதழின் முதல் ஆசிரியர் மார்கரெட் ஃபுல்லர் என்னும் பெண்மணி என்பதை இக்குழுவைப் பற்றிப் பேசுவோர் பலர் சொல்ல மறந்துவிடுகின்றனர்.) புலன்களைக் கடந்த உண்மையை உள்ளுணர்வால் அறியக்கூடும் என்று கொண்ட இவர்களைத் தமிழில் கடந்தநிலைவாதிகள் எனலாம்.

சென்னைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. வால்டன் குளத்தின் உறைபனியை ஆட்கள் அறுத்தெடுப்பதைக் கண்ட தோரோ, வெயிலில் வாடும் சென்னை, பம்பாய், கல்கத்தா மக்கள் தம் கிணற்று நீரைப் பருகுவதாகவும், அந்நீர் கங்கையோடு கலப்பதாகவும் எண்ணிப் பார்க்கிறார். அமெரிக்கப் பனிக்கட்டி வணிகர் டியூடர் 1842இல் சென்னைக் கடற்கரையில் எழுப்பிய ஐஸ் ஹவுஸ் இன்றும் நிற்கிறது. 1897இல் விவேகானந்தர் தங்கியதால் அது விவேகானந்தர் இல்லம் ஆயிற்று.

இவையெல்லாம் மேடைக்கு இனியவை. ஆயினும் இவ்வுரிமையுணர்வே வாசிப்புக்குத் தடையாகிறது. 'இது நமக்குத் தெரிந்ததுதான்' என்று எண்ணிய கணத்தில் வாசகர் படிப்பதை நிறுத்திவிடுகிறார். பக்கங்கள் மட்டும் புரள்கின்றன.

ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். 1841இல் வந்த எமர்சனின் புகழ்பெற்ற கட்டுரைத் தலைப்பைத் தமிழில் பெயர்க்க முற்படுவோர் பெரும்பாலும் 'தன்னம்பிக்கை' என்கின்றனர். தேர்வில் வெல்வதற்கும் தொழிலில் முன்னேறுவதற்கும் வழி கூறும் நூல்கள் அச்சொல்லை உரிமையாக்கிக்கொண்டு நெடுங்காலமாயிற்று. எமர்சன் சொல்வதோ முன்னேற்றம் பற்றியதன்று. ஊரார் மெச்சும் கருத்தை விட்டு, உள்ளே எழும் கருத்தின்மேல் நிற்கும் துணிவு அது. அதற்குக் கிடைக்கும் பரிசு ஊராரின் வெறுப்பாகவும் இருக்கலாம் என்று அவரே எச்சரிக்கிறார். 'தற்சார்பு' ஓரளவு பொருந்தும்; அதுவும் வேளாண்மைச் செய்திகளில் தேய்ந்துவிட்டது.

இங்கே மலையடிவாரத்து வாசகர் ஒரு வேறுபாட்டைக் காண வேண்டும். 1902ஆம் ஆண்டளவில் சிவப்பிரகாசம் பிள்ளை எழுப்பிய வினாக்களுக்கு, பேசாதிருந்த ரமணர் எழுதிக் காட்டிய விடைகளே பின்னர் 'நான் யார்?' என்னும் நூலாயின. எமர்சன் உன்னை நம்பு என்கிறார். ரமணரோ நம்புகிற அந்த 'நான்' எங்கிருந்து எழுகிறது என்று பார்க்கச் சொல்கிறார். முன்னதில் 'தான்' ஊன்றி நிற்கும் நிலம்; பின்னதில் தோண்டிப் பார்க்க வேண்டிய இடம். பேருயிர் பற்றிய கட்டுரையில் எமர்சன் இரண்டாவதை நெருங்கி வருகிறார் என்பது உண்மை. ஆனால் நெருங்குவதும் ஒன்றாவதும் வேறு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து 'எல்லாம் அத்வைதமே' என்று முடிப்பவர் எமர்சனையும் படிக்கவில்லை, ரமணரையும் படிக்கவில்லை.

எமர்சனின் நடை கடினம் என்னும் குறை அடிக்கடி கேட்கப்படுகிறது. அவர் நாட்குறிப்பில் தனித்தனியே எழுதிவைத்த வாக்கியங்களைக் கோத்தே சொற்பொழிவும், அதிலிருந்து கட்டுரையும் செய்தார். எனவே பத்தி ஓடாது, வாக்கியம் நிற்கும். உரையில்லாமல் நூற்பாவைப் படிக்கும் பொறுமை உடைய தமிழ் மாணவருக்கு இது புதிதன்று. நாளொன்றுக்கு இரண்டு பக்கம் போதும்.

கவிஞர்கள் தவறவிடக்கூடாத கட்டுரை ஒன்று உண்டு. 1842 சனவரியில் எமர்சனின் தலைமகன் வால்டோ ஐந்து வயதில் செங்காய்ச்சலால் இறந்தான். 1844இல் வெளிவந்த 'அனுபவம்' என்னும் கட்டுரையில் தந்தை அதைத் தொடுகிறார். அழுது புலம்பவில்லை. மகனை இழந்தது ஒரு நல்ல நிலத்தை இழந்ததுபோல் இருக்கிறது, அதைவிட அருகில் துயரம் தம்மிடம் வர மறுக்கிறது, துயரத்திடம் கற்க ஏதுமில்லை என்பதே தம் துயரம் என்னும் பொருள்பட எழுதுகிறார். முதல் வாசிப்பில் இது கல்நெஞ்சமாகத் தோன்றும். சங்கக் கையறுநிலைப் பாடல்களில் பழகியவருக்கு, புலம்பலினும் வற்றிய குரலே கொடியது என்று தெரியும். உள்ளொளியில் ஊன்றி நிற்கச் சொன்னவர் மூன்றே ஆண்டுகளில் எதையும் தொட முடியவில்லை என்று எழுதுகிறார். முன்பு சொன்னதைத் திரும்பப் பெறவும் இல்லை. மேற்கோள் தொகுப்புகளில் அந்த முதல் எமர்சனே வாழ்கிறார். இன்றைய வாசகருக்குத் தேவைப்படுபவர் இரண்டாமவர்.

இம்மலைக்கும் அத்தகைய துயரத்தோடு வந்தவர் உண்டு. கணவரையும் பிள்ளைகளையும் இழந்த எச்சம்மாள் ரமணரை நாடி வந்து, இவ்வூரிலேயே தங்கி, நாள்தோறும் சமைத்த உணவை மலைமேல் சுமந்து சென்றார். 1916இல் தாயார் அழகம்மாள் வந்து கந்தாசிரமத்தில் அடுப்பு மூட்டினார். 1922இல் அவர் மறைந்த பின், அடிவாரத்தில் அவரது சமாதியைச் சுற்றியே ஆசிரமம் வளர்ந்தது. குகையின் தனிமையைப் பாடுவோர் அக்குகைக்குச் சோறு சுமந்த கால்களையும் பாடலாம்.

தோரோவின் குடிலிலும் இக்கணக்கு உண்டு. 1845 சூலை முதல் 1847 செப்டம்பர் வரை இரண்டாண்டுக்குச் சற்றுமேல் அவர் அங்கு வாழ்ந்தார். குடிலுக்கு ஆன செலவு 28 டாலர் 12½ செண்ட் என்று ஆணி, சுண்ணாம்பு வரை எழுதிக்காட்டுகிறார். அடியில்லாக் குளம் என்று ஊரார் நம்பிய வால்டனில் கயிறும் கல்லும் விட்டு 102 அடி என்று அளந்தவரும் அவரே. துணி வெளுக்கவும் தைக்கவும் ஆன செலவு மட்டும் கணக்கில் ஏறவில்லை. வேலை வெளியில் நடந்தது, பற்றுச்சீட்டு இன்னும் வரவில்லை என்கிறார். பிறந்த வீடு நடந்து செல்லும் தொலைவில்தான் இருந்தது. இதைக் காட்டி அவரைப் போலி எனத் தள்ளுவோர் உளர். அது மிகை. கணக்கில் விடுபட்டதைத் தாமே குறிப்பிடும் நேர்மை அவரிடம் இருக்கிறது. சீட்டு யாரிடமிருந்து வரவேண்டும் என்பதை அவர் எழுதவில்லை, அவ்வளவே.

தனிமை உலகை மறந்த தனிமையாகவும் இல்லை. குளக்கரையில் வாழ்ந்த நாள்களில்தான், 1846 சூலையில், அடிமை முறையைக் காக்கும் அரசுக்குத் தலைவரி தர மறுத்து ஓரிரவு சிறையிருந்தார். அவ்விரவிலிருந்து பிறந்து 1849இல் அச்சேறிய கட்டுரையைத் தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் படித்தார். தம் 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் அதை அறிமுகப்படுத்தினார். அங்கு எழுந்த அறப்போரில் சிறைசென்று, 1914இல் பதினாறு வயதில் மறைந்த தில்லையாடி வள்ளியம்மை தோரோ என்னும் பெயரைக் கேட்டிருக்கவும் தேவையில்லை.

ஊருக்குள் செருப்புத் தைக்கக் கொடுத்ததை வாங்கச் சென்றபோதுதான் தோரோ பிடிபட்டார். அவருக்காக வேறொருவர் வரியைச் செலுத்திவிட, மறுநாள் காலை விடுவிக்கப்பட்டார். நேரே சென்று செருப்பை வாங்கி மாட்டிக்கொண்டார். காட்டுப்பழம் பறிக்கப் புறப்பட்ட கூட்டத்தோடு சேர்ந்து அரைமணி நேரத்தில் இரண்டு மைல் தொலைவிலிருந்த உயர்ந்த குன்றொன்றில் ஏறி நின்றார். அங்கிருந்து பார்த்தபோது அரசாங்கம் எங்குமே கண்ணில் படவில்லை என்று எழுதுகிறார்.