குதிரையின் தாவலும் ராஜாவின் தாவலும்

ஸ்ரீரங்கத்தில் சதுரங்கத்தைப் பற்றிப் பேச வருகிறவர் வைணவ ஆசாரியர் வேதாந்த தேசிகனிடமிருந்துதான் தொடங்க வேண்டும். அரங்கனின் பாதுகைகளைப் பாடும் ‘பாதுகா ஸஹஸ்ரம்’ இவ்வூரில் ஒரே இரவில் பிறந்தது என்பது மரபு. அதன் சித்திர பத்ததி என்ற பகுதியில் 929, 930 ஆகிய இரண்டு சுலோகங்களும் சேர்த்துப் படிக்க வேண்டியவை. முதல் சுலோகத்தின் 32 எழுத்துகளை வரிசைக்கு எட்டாக நான்கு வரிசையில் எழுதினால் பாதிப் பலகை நிரம்பும். முதல் எழுத்தில் குதிரையை நிறுத்தி, அது தாவும் வழியிலேயே படித்துக்கொண்டு போனால், ஒரு கட்டத்தையும் இருமுறை மிதிக்காமல் முப்பத்திரண்டும் தீரும். அடுத்த சுலோகம் முழுதாகக் கைக்கு வந்துவிடும். காஷ்மீரத்து ருத்ரடர் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே இந்த வித்தையைச் செய்திருக்கிறார். ஆனால் ஒரு தாவலுக்கு ஒரு எழுத்தாக இரண்டு சுலோகங்களும் பொருள் தர வேண்டும் என்ற கட்டுப்பாட்டில் தேசிகன் எழுதியதைப் பலகையில் வைத்துப் பார்த்தால் மலைப்பு தீராது.

தேசிகன் மறைந்தது 1369-இல் என்பர். அவருடைய குதிரை தாவிய தாவலைத்தான் இன்று திருச்சியில் செஸ் பழகும் ஏழு வயதுப் பிள்ளையின் குதிரையும் தாவுகிறது. மற்றக் காய்களில் சில அப்படி இருக்கவில்லை. இன்று ராணி நிற்கும் இடத்தில் அன்று நின்ற மந்திரிக்குக் குறுக்கே ஒரு கட்டம் நகர மட்டுமே உரிமை. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில்தான் அந்தக் காய் பலகை முழுவதையும் ஆளும் ராணி ஆயிற்று. ஆகவே சதுரங்க விதிகள் என்றுமே மாறாதவை என்பது சரியல்ல. மாறியிருக்கின்றன, மிக அரிதாக.

அந்த அரிய மாற்றங்களில் ஒன்று நம் வீட்டுத் திண்ணைகளிலேயே நடந்தது. 1960-கள் வரை இந்தியாவில் பலர் ஆடியது உள்ளூர் விதிகளில்தான். சிப்பாய்க்கு முதல் நகர்விலும் ஒரே கட்டம். ராஜாவும் யானையும் ஒரே நகர்வில் இடம் பெயரும் கோட்டை கட்டுதல் கிடையாது. அதற்குப் பதில், செக் வாங்காத ராஜா ஒரே ஒரு முறை குதிரை போலத் தாவிக்கொள்ளலாம். பஞ்சாபின் மீர் சுல்தான் கான் இப்படிப் பழகியவர்தான். சர்வதேச விதிகளைப் பின்னால் கற்று, 1929, 1932, 1933 ஆகிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். கடைசிவரை அவரை உறுத்தியது ஆட்டத்தின் தொடக்கம். ஐரோப்பியர் புத்தகத்தில் படித்து வந்ததை அவர் பலகையில் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருந்தது.

உள்ளூர் விதிகளிலிருந்து சர்வதேச விதிகளுக்கு வந்த இந்த மாற்றத்துக்குத் தமிழ்நாட்டில் உழைத்தவர் மானுவேல் ஆரோன். 1961-இல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர். ஒன்பது முறை தேசிய சாம்பியன். 1972-இல் சென்னை சோவியத் கலாசார மையத்தில் டால் செஸ் கிளப்பைத் தொடங்கினார். மயிலாடுதுறையில் பிறந்த விஸ்வநாதன் ஆனந்த் சிறுவனாகப் பழகியது அங்கேதான்.

ராஜாவின் தாவல் ஏன் போயிற்று? அது மட்டமான விதி என்பதால் அல்ல. எதிரே உட்காருகிறவர் அதை ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதால். பாட்டில் ஒரு ராகத்தைப் புதிதாக்கத் தனி ஒருவர் போதும். ஆட்டத்தில் விதியை மாற்ற எதிராளியின் சம்மதம் வேண்டும். அந்த எதிராளி மாஸ்கோவிலோ லண்டனிலோ இருக்கும்போது, உறையூரில் மட்டும் செல்லும் விதிக்கு ஆயுள் குறைவு. இதற்கு மேல் பழைய ஆட்டக் குறிப்புகள், தொடக்க ஆட்டப் புத்தகங்கள், ரேட்டிங் எல்லாம் நிற்பது இதே விதிகளின் மேல்தான். ஒரு விதியைத் தொட்டால் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் மனப்பாடம் செய்தது பாதி செல்லாமல் போகும்.

ஆனால் கேள்வி கேட்பவர்கள் இல்லாமல் இல்லை. முன்னாள் உலக சாம்பியன் விளாதிமிர் கிராம்னிக், டிராக்களைக் குறைக்கக் கோட்டை கட்டுவதையே எடுத்துவிடலாம் என்றார். அந்த விதியில் முதல் போட்டி 2020 ஜனவரியில் நடந்த இடம் சென்னை. ஆடியவர்கள் இளம் இந்திய வீரர்கள். 89 சதவீத ஆட்டங்கள் வெற்றி தோல்வியில் முடிந்தன. அடுத்த ஆண்டு டோர்ட்முண்டில் ஆனந்த் இதே விதியில் கிராம்னிக்கை 2.5–1.5 என்று வென்றார். இருந்தும் கோட்டை இடியவில்லை. டிரா அதிகம் என்ற கவலை உச்சியில் இருக்கும் சிலருடையது. மாவட்டப் போட்டியில் ஆடும் பிள்ளைக்கு டிரா என்பதே அபூர்வம். கோடிக்கணக்கானோர் ஆடும் ஆட்டத்தைச் சிலரின் சலிப்புக்காக மாற்றாதது நியாயமே.

வருத்தம் வேறொன்றில். தேசிகனின் குதிரை சுவடியில் ஏறியதால் பிழைத்தது. நம் வீட்டு ராஜாவின் தாவலை ஊர் ஊராக எழுதி வைத்தவர்கள் குறைவு. ஊருக்கு ஊர் வேறுபட்ட விதிகள் ஆடியவர்களோடு போகின்றன. ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதியிலோ உறையூரிலோ அப்படி ஆடிய பெரியவர் உங்கள் வீட்டில் இருந்தால், இந்த வாரமே பலகையை விரித்து அவர் எதிரே உட்காருங்கள். ராஜா எப்போது தாவலாம், கடைசிக் கட்டம் சேர்ந்த சிப்பாய் என்னவாகும், நகர வழியில்லாமல் ராஜா அடைபட்டால் யாருக்கு வெற்றி என்று கேட்டு, ஊர்ப் பெயரோடும் ஆண்டோடும் ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள்.