அறம் செய்தாரும் அறம் காத்தாரும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாண்டுகளுக்கு முன் இராயபுரத்தில் ஒரு பள்ளி வகுப்பறையில், பிள்ளைகள் அமரும் பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க அமர்ந்து இவ்வட்டத்தைத் தொடங்கினோம். அன்று முதல் இன்று வரை தேநீர்ச் செலவை மாதம் ஒருவராக முறை வைத்து ஏற்று வருகிறோம். இப்போது ஒரு குடும்பத்தார் தம் தந்தையார் பெயரால் அறக்கட்டளை ஒன்று நிறுவி, ஆண்டுதோறும் ஒரு பொழிவும் ஒரு கவிதைப் பரிசும் நடத்தப் பொருள் தர முன்வந்துள்ளனர். அதை ஏற்பதா, மறுப்பதா என்று நம்மிடையே இரண்டு மாதமாக வழக்காடி வருகிறோம். குடும்ப அறக்கட்டளைகளைப் பற்றிப் பேசுமாறு அமைப்பாளர் என்னைப் பணித்ததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. நம் வடசென்னை மண்ணே இப்பொருள் பற்றிச் சில செய்திகளை வைத்திருக்கிறது; அவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் திருவொற்றியூருக்குச் செல்வோம். ஆதிபுரீசுவரர் கோயிற் கல்வெட்டுகளைப் படித்தால், கொடை என்பது அந்நாளில் எவ்வளவு கணக்கோடு நடந்தது என்பது புலப்படும். நந்தா விளக்கு ஒன்றுக்குப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகள் தருவது சோழர் கால வழக்கம். ஆடுகளைப் பெற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழ ஆடு செத்தாலும் குட்டிகள் அந்த எண்ணிக்கையை நிரப்பிவிடும். ஆகவேதான் அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்று வழங்கினர். பொன்னாகக் கொடுத்தவர்களும் உண்டு. அப்பொன்னை ஊர்ச்சபை பெற்று வட்டியிலிருந்து அறத்தை நடத்தியது. முதலைத் தொடாமல் விளைவை மட்டும் செலவிடுவதே இன்றைய அறக்கட்டளைச் சட்டங்களுக்கும் அடிப்படை.

அக்காலக் கல்வெட்டுகளில் அடிக்கடி வரும் முடிவுரை ஒன்றும் நம் கருத்துக்கு உரியது. 'இந்த அறத்தைக் காத்தவனுடைய திருவடி என் தலைமேல் இருப்பதாக' என்னும் பொருள்பட அது அமையும். இதைச் சொல்பவன் கொடுத்தவன். அரசனே ஆயினும் இப்படித்தான் சொன்னான். பின்னாளில் அவ்வறத்தைக் காக்கப்போகும் முகம் அறியாத ஒருவனை அவன் வணங்குகிறான். அறம் செய்தவரினும் அறம் காத்தவர் பெரியர் என்பது நம் முன்னோர் கொள்கை. நான் இன்று சொல்ல வந்ததும் இது ஒன்றே.

இக்கொள்கை எத்துணை உண்மையானது என்பதைப் பச்சையப்பர் வரலாறு காட்டும். நமக்கு வடக்கே பெரியபாளையத்தில் 1754இல் பிறந்து, துபாஷித் தொழிலில் பெரும்பொருள் ஈட்டிய அவர், 1794இல் மறைவதற்குச் சில நாள் முன்னர் உயில் எழுதினார். சிதம்பரம் முதலிய தலங்களில் வழிபாடும் அன்னதானமும் நடைபெற வேண்டும் என்பது அவர் விருப்பம். உயில் இருந்தது, பொருள் இருந்தது. ஆனால் அறம் நடைபெறவில்லை. பிணக்குகளிலும் வழக்குகளிலும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் முதலியோர் உச்சநீதிமன்றத்தில் முயன்று மீட்ட பிறகு, கோயிற் பணிகளுக்குப் போக எஞ்சிய தொகை கல்விக்கென ஒதுக்கப்பட்டது. 1842இல் பிராட்வேயில் பள்ளி திறக்கப்பட்டது. அதன் வளர்ச்சியாகிய கல்லூரியில்தான் அறிஞர் அண்ணா பயின்றார்; டாக்டர் மு. வரதராசனார் பல்லாண்டு தமிழ் பயிற்றினார். வள்ளலின் பெயரை நாடறியும். அவருடைய உயிலை மீட்டுத் தந்தோர் பெயரைச் சொல்வார் சிலரே. அண்மைக் காலத்திலும் அந்த அறக்கட்டளையின் நிருவாகச் சிக்கலைத் தீர்க்க நீதிமன்றமே நிருவாகியை அமர்த்த நேர்ந்தது. காக்கும் தொழில் ஒருமுறை செய்து முடிப்பதன்று.

நம் இராயபுரத்துக்கு வருவோம். 1782இல் ஐதர் அலியின் போரால் நேர்ந்த பஞ்சத்தில், பசித்து வந்தோர்க்கு இங்கே கஞ்சி ஊற்றினர். அதுவே மணியக்காரர் சத்திரம் ஆயிற்று. மணியக்காரர் என்பது ஒரு பதவியின் பெயரே. அந்த மனிதரின் இயற்பெயர் மக்கள் நாவில் நிற்கவில்லை. கஞ்சித் தொட்டியை ஒட்டிப் பிறந்த மருத்துவ நிலையமே பிற்காலத்து ஸ்டான்லி மருத்துவமனை. நம் பாட்டிமார் அதைக் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் கடைசி வரை அழைத்தனர். சத்திரம் இன்றும் முதியோரைப் பேணி வருகிறது.

அருகிலேயே ராஜா சர் சவலை இராமசாமி முதலியாரின் கொடையால் எழுந்த மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது. இன்று அது அரசு மருத்துவமனை. அவர் பெயர் 'ஆர்.எஸ்.ஆர்.எம்.' என்னும் நான்கெழுத்தாகச் சுருங்கிவிட்டது. இந்த அவையிலும் அங்கே பிறந்தவர்கள் பலர் இருப்பீர்கள். அந்நான்கெழுத்தின் விரிவைக் கேட்டால் எத்தனைபேர் சொல்வோம்? எனினும் இதனை அவருக்கு நேர்ந்த குறையாக நான் கருதவில்லை. பெயர் தேய்ந்த பின்னும் பிள்ளைப்பேறு நிகழ்கிறது. அறம் தன் காலில் நிற்கிறது.

இனித் தொழிற்சாலைகளின் காலம். டாட்டா குடும்பத்தார் 1919இலும் 1932இலும் தோற்றுவித்த அறக்கட்டளைகளும், அமெரிக்காவில் 1913இல் எழுந்த ராக்பெல்லர் அறநிறுவனமும் குடும்பச் செல்வம் பொதுப்பணிக்குத் திரும்பியதற்குப் பேர்பெற்ற சான்றுகள். நம் பகுதியிலும் அத்தகைய ஒன்று உண்டு. முருகப்பா குடும்பத்தாரின் ஏ.எம்.எம். அறக்கட்டளை திருவொற்றியூரில் வெள்ளையன் செட்டியார் மேல்நிலைப் பள்ளியை நடத்தி வருகிறது. அத்தகைய பள்ளி ஒரு தொழிலாளர் பகுதிக்குச் செய்யும் நன்மையை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அதே குழுமத்தைச் சார்ந்த கோரமண்டல் நிறுவனத்தின் உர ஆலை எண்ணூரில் இருக்கிறது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில், அவ்வாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயிலிருந்து வாயு கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் மூச்சுத் திணறி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருளில் ஓடினர். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர்; சிலர் ஸ்டான்லிக்குக் கொண்டுவரப்பட்டனர். கஞ்சித் தொட்டி இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் மக்களுக்குப் பயன்பட்டது.

இவ்விடத்தில் நாம் தெளிவாக எண்ணிப் பார்க்க வேண்டும். பள்ளியைக் காட்டி ஆலையை மன்னிக்க வேண்டுவதில்லை; ஆலையைக் காட்டிப் பள்ளியைப் பழிக்கவும் வேண்டுவதில்லை. இரண்டும் வெவ்வேறு கணக்கேடுகள். தம் தொழிலால் பிறர்க்கு நேர்ந்த கேட்டைத் தீர்ப்பது கடன். கடன் தீர்த்த பின் கைப்பொருளைத் தருவது கொடை. கடனைக் கொடைக் கணக்கில் எழுதுவது ஆகாது. சட்டமும் ஓரளவுக்கு இவ்வேறுபாட்டை அறிந்திருக்கிறது. 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டப்படி, குறித்த அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தம் வழக்கமான தொழில் நடவடிக்கைக்குச் செய்யும் செலவை அதில் சேர்க்கலாகாது. ஆயினும் சட்டம் கட்டளையிட்டுப் பெறும் அப்பொருளை நாம் விழா எடுத்து வள்ளன்மை என்று பாடுகிறோமே, அது முறையா?

புலவர்களாகிய நமக்கு இதில் பெரும் பொறுப்பு உண்டு. வள்ளல்களைப் பாடிய மரபு நம்முடையது; ஆற்றுப்படை என்று ஒரு நூல்வகையே வகுத்துக்கொண்டோம். அம்மரபிலேயே பெருஞ்சித்திரனாரும் இருக்கிறார். அதியமான் தம்மைக் காணாமலே அனுப்பிய பரிசிலை ஏற்க மறுத்தவர் அவர். குமணன் தந்த செல்வத்தை எல்லார்க்கும் கொடு என்று தம் மனைவியிடம் சொன்னவரும் அவரே. வறுமையிலும் எதை மறுப்பது, எதை ஏற்பது, ஏற்றதை என்ன செய்வது என்பன அவருக்குத் தெரிந்திருந்தன. பாடத் தெரிந்த நாவுக்குக் கேட்கவும் தெரிய வேண்டும்.

கேட்பதற்குச் சட்டத்தில் இடம் உண்டு என்பதைப் பலர் அறியார். பொது அறக்கட்டளை ஒன்று வழிதவறினால், அதில் அக்கறை உடைய இருவர் சேர்ந்து, நீதிமன்றத்தின் இசைவு பெற்று வழக்குத் தொடுக்கலாம் என்கிறது 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவு. பெருஞ்செல்வரோ பெரும்பதவியினரோ வேண்டுவதில்லை. அக்கறையுள்ள இருவர் போதும்.

இவற்றையெல்லாம் மனத்திற்கொண்டு நம் வழக்குக்கு வருகிறேன். என் கருத்து, ஏற்கலாம் என்பதே. ஆனால் ஆவணத்தில் நான்கு செய்திகள் இடம்பெற வேண்டும். தந்தையார் பெயர் அறக்கட்டளைக்கு இருக்கட்டும். பொழிவாளரையும் பரிசுக்குரியவரையும் தேர்வதில் குடும்பத்தார்க்கு இடம் வேண்டாம். வரவும் செலவும் ஆண்டுதோறும் இவ்வவையில் வாய்விட்டுப் படிக்கப்பட வேண்டும். பத்தாயிரம் ரூபாயில் என்றோ தொடங்கிய அறக்கட்டளைப் பொழிவுகளின் வட்டி இன்று அவையோர்க்குத் தேநீர் வழங்கவும் போதாது. ஆகவே வட்டியில் ஒரு பங்கு முதலோடு சேர வேண்டும், அப்போதுதான் நம் ஆடு சாவாமலும் மூவாமலும் இருக்கும். நான்காவதாக, பரிசு பெறும் கவிஞன் எண்ணூர்க் கழிமுகத்தின் சாம்பலைப் பற்றியோ, கொடுத்தவரின் தொழிலைப் பற்றியோ பாடினாலும் பரிசு பரிசாகவே இருக்க வேண்டும்.

இவற்றுக்கு அக்குடும்பத்தார் இசைவரேல் நன்றியோடு ஏற்போம். இசையாரேல் வருத்தமில்லை, தேநீர் முறை இருக்கவே இருக்கிறது, அடுத்த மாதம் என் முறை.

திருவொற்றியூர்க் கடற்கரையில் பட்டினத்தாரின் சமாதி இருக்கிறது. பெருவணிகராயிருந்து அனைத்தையும் துறந்தவர் என்று அவரைப் போற்றுகிறோம். துறவு எல்லார்க்கும் கைவராது. கொடையும் எல்லார்க்கும் இயலாது. ஆனால் காப்பது நம் அனைவர்க்கும் இயலும். நம்மிடம் வரும் அறம் எதுவாயினும், கொடுத்தவர் நம்மை நம்பித் தலைவணங்கியதற்குத் தக அதைக் காப்போமாக.