கோணமலையிலிருந்து கயிலைக்கு ஒரு கோடு



திருகோணமலைக் கோணேசர் கோயிலும் திபெத்திலுள்ள கயிலை மலையும் ஒரே நெட்டாங்கில், அதாவது வடமுனையையும் தென்முனையையும் இணைத்துப் பூமியின் மீது வரையப்படும் ஒரே கற்பனைக் கோட்டில், அமைந்துள்ளன என்றும், ஆகவே அக்கோயிலைக் கட்டிய முன்னோர் பூமியை அளந்தறிந்தவர்கள் என்றும் சொன்னால் மேடைகளில் கைதட்டல் எழுகிறது. கைதட்டுவதற்கு முன் அந்த எண்களை நிறுத்துப் பார்ப்பது அட்டன், நுவரெலியா மக்களுக்குப் புதிய வேலையாகாது. தேயிலைக் கொழுந்து நிறுக்கும் தராசையும், சாக்குக்கும் ஈரத்துக்கும் எனக் கழிக்கப்படும் கிலோவையும் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்க்கும் மக்கள், மேடையில் வீசப்படும் எண்ணுக்கு மட்டும் ஏன் தராசு கேட்பதில்லை?

கூற்று முழுப்பொய் என்று தள்ளிவிட முடியாது. கோணேசர் கோயில் கிழக்கு 81.25 பாகையிலும் கயிலை 81.31 பாகையிலும் உள்ளன. இந்த வேறுபாடு தரையில் ஏறக்குறைய 7 கிலோமீற்றர்தான். ஆயினும் இலங்கைத் தீவின் அகலம் சுமார் 225 கிலோமீற்றர் என்பதையும், ஈச்சரங்கள் எனப்படும் அதன் பழம்பெரும் சிவன் கோயில்கள் ஐந்து என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், கண்ணை மூடிக்கொண்டு ஐந்து கோயில்களைத் தீவின் மீது வைத்தாலும் அவற்றுள் ஒன்றேனும் கயிலைக் கோட்டுக்கு 7 கிலோமீற்றருக்குள் விழும் வாய்ப்பு நான்கில் ஒன்றுக்கும் மேல். மேலும், கோணேசர் கோயிலுக்கு வழங்கும் தென்கயிலாயம் என்னும் பெயர் காளத்திக்கும் கோவைக்கு மேற்கேயுள்ள வெள்ளியங்கிரிக்கும் உண்டு. காளத்தி அக்கோட்டுக்கு ஏறக்குறைய 170 கிலோமீற்றர் மேற்கே உள்ளது. வெள்ளியங்கிரி 500 கிலோமீற்றர் மேற்கே உள்ளது. பொருந்தியதை மேடைக்கு ஏற்றிவிட்டுப் பொருந்தாதவற்றை வீட்டிலேயே விட்டுவருவது ஆராய்ச்சி ஆகுமா?

தஞ்சைப் பெரிய கோயிலும் இதே கையாடலுக்கு ஆளாகியுள்ளது. விமானம் 216 அடி, அது உயிர்மெய் எழுத்துகளின் தொகை என்பர்; இலிங்கத்துக்கும் நந்திக்கும் இடையே 247 அடி, அது தமிழ் எழுத்துகளின் மொத்தம் என்பர். பன்னிரண்டு அங்குலம் கொண்ட அந்த அடி ஆங்கிலேயருடன் வந்தது; 1010இல் கோயிலை நிறைவித்த இராசராசனின் கல்வெட்டுகள் முழத்தாலும் விரலாலும் அளக்கின்றன. விமானத்தின் உயரத்தையே 216 அடி என்று ஒரு நூலும் 200 அடியை ஒட்டி மற்றொரு நூலும் தருகின்றன. இன்றுள்ள பெரிய நந்தியோ நாயக்கர் காலத்தது. தனக்குப் பல நூற்றாண்டுகள் பின்னே வரவிருந்த நந்திக்குச் சோழன் தூரம் குறித்து வைத்தான் என்று நம்பச் சொல்கிறார்கள்.

இத்தகைய அதிசயத்தை மலையகத்திலேயே செய்து காட்டலாம். நுவரெலியாவின் பீதுருதாலகாலை மலையின் உயரம் 8,281 அடி. அது 91ஐ 91ஆல் பெருக்கிய தொகை. மெக்சிகோவில் மாயர் கட்டிய சிச்சென் இட்சாப் பிரமிட்டின் நான்கு பக்கங்களிலும் பக்கத்துக்கு 91 படிகள். உச்சி மேடையையும் ஒரு படியாகக் கொண்டால் 365, ஓர் ஆண்டின் நாள்கள். மாயர் நுவரெலியாவுக்கு வந்து போனார்கள் என்று நாளையே ஒருவர் நூல் எழுதலாம். அதே மலையை மீற்றரில் அளந்தால் 2,524. அதிசயம் அத்துடன் மறைந்துவிடும்.

இந்நோய் தமிழருக்கு மட்டும் உரியதன்று. ஸ்கொத்லாந்து வானியலாளர் பியாற்சி சிமித் 1864இல், எகிப்தின் பெரிய பிரமிட்டில் ஆண்டின் நீளமும் சூரியனின் தூரமும் பொதிந்துள்ளதாக எழுதினார். அதற்கென்று ‘பிரமிட்டு அங்குலம்’ என்னும் அலகையும் ஏற்றுக்கொண்டார். 1880 முதல் தொல்லியலாளர் பிளிண்டர்ஸ் பீற்றி அங்கே சென்று துல்லியமாக அளந்தபோது, அடிப்பக்கம் சிமித் கொண்ட நீளத்தைவிடக் குறைவாக இருந்தது.

கோணேசர் கோயிலுக்குத் திரும்பினால், அதன் பெருமைக்கு இக்கோடு தேவையே இல்லை. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய தலம் அது. பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசர் அதை இடித்து, அதன் கற்களைக் கோட்டை கட்டப் பயன்படுத்தினர். நெட்டாங்குக் கூற்றை முன்வைப்பவர்கள் ஒரு கேள்விக்கு விடை சொல்ல வேண்டும். பழங்காலத்தில் தொலைவிலுள்ள இரு இடங்களின் நெட்டாங்கு வேறுபாட்டைக் காண இருந்த நல்ல வழி, ஒரே சந்திர கிரகணத்தை இரு இடங்களிலும் நோக்கி உள்ளூர் நேரங்களை ஒப்பிடுவது. பூமி 4 நிமிடத்தில் ஒரு பாகை சுழல்வதால், நேரத்தில் ஒரு நிமிடம் பிழைத்தால் இத்தீவில் 27 கிலோமீற்றர் பிழைக்கும்; 7 கிலோமீற்றர் நுட்பத்துக்கு 16 விநாடிக்குள் நேரம் குறிக்க வேண்டும். நிலவில் விழும் பூமியின் நிழலோ விளிம்பு மங்கியது. அது தொட்ட கணத்தை வெறுங்கண்ணால் ஒரு நிமிட அளவுக்குக் குறிப்பதே கடினம். நீர்க்கடிகாரமான நாழிகை வட்டிலைக் கொண்டு 16 விநாடியை அளந்தவர் யார், கயிலை அடிவாரத்தில் அதே இரவில் வட்டிலோடு காத்திருந்தவர் யார் என்பதை அவர்கள் முதலில் சொல்லட்டும்.