செவிலி என்னும் சொல்லின் வயது



மருத்துவமனையில் நோயாளரைப் பேணுபவரைச் 'செவிலியர்' என்று இன்றைய தமிழ் அழைக்கிறது. இச்சொல் புதிதாகப் புனையப்பட்டதன்று. அகப்பாடல்களில் நற்றாய் பெற்றவள், செவிலி வளர்த்தவள். தலைவியின் உயிர்த்தோழி அச்செவிலியின் மகளே என்று தொல்காப்பியம் வரையறுக்கிறது. அவ்வாறாயின் செவிலி என்பவள் பருவம் எய்திய மகளை உடையவள். குடும்பத்தின் இன்பமும் துன்பமும் கண்டு முதிர்ந்தவள். தமிழ் மரபில் செவிலி என்றவுடன் மனக்கண்ணில் தோன்றுபவள் பதினேழு வயது நங்கை அல்லள்; நரை எட்டிப் பார்க்கும் நடுவயதுப் பெண்மணியே. இன்றோ முப்பதைக் கடந்த ஒரு பெண் செவிலியப் படிப்பில் சேர விரும்பினால், 'இந்த வயதிலா?' என்று வீடும் கேட்கிறது. அவள் உள்ளமும் கேட்கிறது. சொல்லுக்கு இருந்த வயதைச் சமுதாயம் மறந்துவிட்டது.

திருக்குறளின் தொண்ணூற்றைந்தாம் அதிகாரமாகிய மருந்து, நோயுற்றவன், மருத்துவன், மருந்து ஆகியவற்றோடு உடனிருந்து பேணுபவனையும் சேர்த்து நான்காக எண்ணி முடிகிறது. அவனுக்கு வள்ளுவர் இட்ட பெயர் 'உழைச்செல்வான்'. உழை என்பது பக்கம். நோயாளியின் பக்கத்தில் நிற்பவன் இல்லையெனில் மருத்துவம் நிறைவு பெறாது என்பது கருத்து. ஏனைய மூன்றுக்கும் நிகராக வைத்து எண்ணப்பட்ட பணி இது. ஆகவே இதனைச் சிறுதொழில் என்று கருதித் தயங்குவதற்கு இடமில்லை. எஞ்சுவது 'என்னால் இயலுமா?' என்னும் ஐயம் ஒன்றே.

அவ்வையத்தைப் பகுத்துப் பார்த்தால் மூன்று இழைகள் தென்படும். படித்ததை நினைவில் நிறுத்த முடியுமா என்பது முதலாவது. கண்விழிப்பையும் நெடுநேர நிற்றலையும் உடல் தாங்குமா என்பது இரண்டாவது. புண்ணையும் கழிவையும் கண்டு மனம் அருவருக்காதா, சுற்றத்தார் ஏளனம் செய்யமாட்டாரா என்பது மூன்றாவது. இம்மூன்றும் பொய்யான அச்சங்கள் அல்ல. இவற்றை வென்றவர்களின் வாழ்க்கையைப் பார்ப்பது பயன் தரும்.

செவிலியத்தின் தாய் எனப் போற்றப்படும் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1820ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் பிறந்தார். இறைத்தொண்டு செய்ய வேண்டும் என்னும் அழைப்பைத் தம் உள்ளத்தில் அவர் உணர்ந்தது 1837இல். ஆயினும் 1845இல் மருத்துவமனை ஒன்றில் பயிற்சி பெற அவர் விரும்பியபோது, செல்வக்குடியில் பிறந்த பெண்ணுக்கு அது தகாது என்று வீட்டார் தடுத்துவிட்டனர். அடுத்து வந்த ஆண்டுகளில் அவர் எழுதி வைத்த குறிப்புகளில் தம்மையே நொந்துகொள்ளும் துயரம் நிறைந்திருக்கிறது. ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் நகரில் மூன்று மாதப் பயிற்சியை அவர் பெற்றது 1851இல். அப்போது அவருக்கு வயது 31. மூன்றாண்டுகள் கழித்து, 1854இல், 38 பெண்களுடன் ஸ்குட்டாரிப் போர் மருத்துவமனைக்குப் புறப்பட்டார். 1860இல் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் பயிற்சிப் பள்ளி தோன்றியது. அழைப்பை உணர்ந்ததற்கும் பயிற்சி பெற்றதற்கும் இடையே கழிந்தவை பதினான்கு ஆண்டுகள். அவ்வாண்டுகளில் அவர் மருத்துவமனை அறிக்கைகளை விடியலில் எழுந்து தனியே படித்துக்கொண்டிருந்தார். காத்திருந்த காலமும் கற்ற காலமாகவே அமைந்தது.

கிளாரா பார்ட்டன் அம்மையாரின் வரலாறு ஆசிரியர் குடும்பத்தினர்க்குச் சிறப்பாக உரியது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1821இல் பிறந்த அவர், பிறர் முன் பேசவே கூசும் இயல்பினர். பதினொரு வயதில், களஞ்சியக் கூரையிலிருந்து விழுந்து படுத்த அண்ணனை ஏறத்தாழ இரண்டாண்டுகள் உடனிருந்து பேணினார். பதினேழு வயதில் ஆசிரியரானார். 1852இல் நியூ ஜெர்சி மாநிலத்தில் கட்டணமில்லாப் பள்ளி ஒன்றைத் தொடங்கி வளர்த்தார். பள்ளி பெருகியதும் அவருக்கு மேலாக ஆடவர் ஒருவர் தலைமையாசிரியராக அமர்த்தப்பட்டார். பார்ட்டன் பள்ளியை விட்டு விலகி அரசு அலுவலகத்தில் எழுத்தர் பணியில் சேர்ந்தார். உள்நாட்டுப் போர் மூண்டபோது, 1862இல், தம் நாற்பதாம் வயதில் போர்க்களத்திற்கே சென்று காயமுற்றோரைப் பேணினார். முறையான செவிலியப் பட்டம் எதுவும் அவரிடம் இல்லை. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தை 1881இல் அவர் நிறுவியபோது அவருக்கு வயது 59. வகுப்பறையில் பெற்ற பொறுமையும் அலுவலகத்தில் பெற்ற ஒழுங்கும் போர்க்களத்தில் அவருக்குத் துணைநின்றன. முன்னைய தொழிலில் கழிந்த ஆண்டுகள் வீணாகவில்லை.

தொலைநாட்டுச் செய்திகளாக இவை தோன்றலாம். திண்டிவனத்தை அறியாத தமிழ்ச் சமணக் குடும்பம் இராது. அவ்வூரில்தான் ஐடா ஸ்கடர் என்னும் இளம்பெண், நோயுற்ற தம் அன்னையைக் கவனிக்க 1890ஆம் ஆண்டளவில் வந்து தங்கியிருந்தார். இந்நாட்டிலேயே தங்கிவிடும் எண்ணம் அவருக்கு அறவே இல்லை. ஒரே இரவில் மூன்று வீட்டார் வந்து, மகப்பேற்றில் துன்புறும் பெண்ணுக்கு உதவ வருமாறு அவரை அழைத்தனர். மருத்துவராக இருந்த தம் தந்தையை அழைத்துச் செல்லுமாறு அவர் வேண்டினார். ஆடவர் பார்ப்பதற்கு அவர்கள் உடன்படவில்லை. விடிந்தபோது மூன்று பெண்களும் உயிர் துறந்திருந்தனர். 'எனக்கு ஒன்றும் தெரியாதே' என்று அன்றிரவு அவர் கூறியது முழு உண்மை. அவ்வறியாமையைக் காரணம் காட்டி அவர் ஒதுங்கிவிடவில்லை. அதனை நீக்கிக்கொள்ளப் புறப்பட்டார். 1899இல் மருத்துவப் பட்டம் பெற்றுத் திரும்பி வேலூரில் பணியைத் தொடங்கினார். மருத்துவர் ஒருவரால் மட்டும் உயிர்களைக் காக்க இயலாது என்று கண்டு, பெண்கள் மருத்துவப் பள்ளியைத் தொடங்குவதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னரே, 1909இல், செவிலியர் பயிற்சியை ஏற்படுத்தினார். 1946இல் வேலூரில் செவிலியப் பட்டப்படிப்பும் தோன்றியது.

இனிச் சேர்வராயன் மலைக்கு வருவோம். சேலத்திலிருந்து இருபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டைச் சுற்றுலாப் பயணிகள் ஏரிக்காகவும் குளிர்ச்சிக்காகவும் அறிவர். காப்பியும் மிளகும் ஆரஞ்சும் விளையும் அம்மலையில் நாகலூர், மஞ்சக்குட்டை, வெள்ளக்கடை, வாழவந்தி முதலிய ஊராட்சிகளில் மலையாளி எனப்படும் பழங்குடி மக்களும் தோட்டத் தொழிலாளரும் வாழ்கின்றனர். சமவெளியில் 5,000 மக்களுக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசு அளவுகோல். மலைப்பகுதியில் 3,000 மக்களுக்கு ஒன்று. எண்ணிக்கை குறைத்து வகுக்கப்பட்டதன் காரணம் எளியது. மலையில் தொலைவைக் கிலோமீட்டரால் அளக்க முடியாது. ஏற்றத்தாலும் மழையாலும் மூடுபனியாலும்தான் அளக்க வேண்டும். 108 ஊர்தி சாலை உள்ள வரையில்தான் வரும். அதற்கு அப்பால் மனிதக் கால்களே செல்ல வேண்டும்.

நைட்டிங்கேல் அம்மையார் இந்திய மண்ணை மிதித்ததில்லை. எனினும் இந்நாட்டுச் சுகாதாரம் பற்றிப் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். உயரமான இடம் என்பதனாலேயே நோய் அகன்றுவிடாது, தூய நீரும் வடிகாலும் அங்கும் வேண்டும் என்று மலைவாழிடங்களைப் பற்றி அவர் கருத்துரைத்தார். மலைக்காற்று தானே மருந்தாகிவிடுவதில்லை. தடுப்பூசி போடவும், கருவுற்ற பெண்ணின் இரத்த அழுத்தத்தைப் பார்க்கவும், வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுக்கக் கற்பிக்கவும் அறிந்த ஒருவர் அந்த வாசலில் போய் நிற்க வேண்டும். அவ்வாறு நிற்பவர் கிராம சுகாதாரச் செவிலியர். அவர் சொல்லை ஒரு மாமியார் ஏற்பதும் மறுப்பதும் பெரும்பாலும் அவர் வாழ்ந்து பெற்ற அனுபவத்தைப் பொறுத்தது. தாமே பிள்ளை பெற்று வளர்த்த ஒருவர் தாய்ப்பாலைப் பற்றிப் பேசும்போது அச்சொல்லுக்குத் தனி எடை உண்டு. வயதைக் குறையாகக் கருதும் பெண் எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் இது.

இருப்பினும் வெறும் ஊக்கமொழி போதாது. நடைமுறையும் தெரிந்திருத்தல் வேண்டும். இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி, மூன்றாண்டு செவிலியப் பட்டயப் படிப்பில் சேர வயது 17 முதல் 35 வரை. பிளஸ் டூ தேர்ச்சி வேண்டும். அறிவியல் பிரிவுக்கு முன்னுரிமை உண்டு. துணைச் செவிலியர் பயிற்சி இரண்டாண்டு. பட்டயம் பெற்றவர் பின்னர் இரண்டாண்டு படித்துப் பட்டமும் பெறலாம். ஒவ்வோர் ஆண்டின் சேர்க்கை அறிவிப்பையும் நேரில் பார்த்துத் தெளிதல் நலம். எனவே 33 வயதுப் பெண் 'பிள்ளைகள் இன்னும் சற்று வளரட்டும்' என்று தள்ளிப்போட்டால், அவளைத் தடுப்பது தன்னையம் அன்று, நாட்காட்டி. ஐயத்தை விட விரைவாகக் காலம் கதவை மூடிவிடும்.

கதவு மூடியபின்னும் பணி முடிந்துவிடுவதில்லை. 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், மகளிர் குழுக்களைச் சார்ந்த தன்னார்வலர்கள் வீடுதோறும் சென்று இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றைப் பார்த்து மருந்து வழங்குகின்றனர். படுக்கையில் இருப்போரைப் பேணும் பயிற்சிகளும் உள்ளன. பட்டம் பெற்ற செவிலியரின் பணி வேறு, துணைநிற்போரின் பணி வேறு. அவ்வேறுபாட்டை மதித்து, தனக்குரிய எல்லைக்குள் நின்று செய்யும் தொண்டும் உழைச்செல்வானின் தொண்டே.

அருவருப்பு பற்றிய மூன்றாம் ஐயத்திற்கு இவ்வவையினர் புதிதாக விடை தேட வேண்டியதில்லை. நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் நிர்விசிகிச்சைக்கு எடுத்துக்காட்டாக நிற்பவர் உத்தாயன மன்னர். நோயுற்ற முனிவர் உருவில் வந்த தேவன் உண்ட உணவை அவர் மேலேயே உமிழ்ந்தபோது, முகம் சுளிக்காமல், தாம் அளித்த உணவு ஒவ்வாமற் போயிற்றே என்று வருந்தித் தூய்மை செய்தார். அரியணையில் இருந்தவர் செய்ததை இழிவு என்று எவர் சொல்வார்? காந்தியடிகளும் எழுபது வயதை ஒட்டி, தொழுநோயுற்ற பர்ச்சுரே சாஸ்திரி என்னும் வடமொழி அறிஞரைச் சேவாகிராமத்தில் வைத்துத் தம் கையாலேயே பேணினார். அருவருப்பின்மை பிறவிக்குணம் அன்று, பழக்கத்தால் வருவது. மாமியாரின் படுக்கைப்புண்ணைத் துடைத்த கைகளுக்கு அப்பழக்கம் முன்பே உண்டு. அதற்குச் சான்றிதழ் இல்லை என்பதுதான் குறை.

நினைவாற்றல் பற்றிய ஐயத்திற்கும் ஒரு விடை உண்டு. செவிலியர்க்கு முதலில் கற்பிக்கப்படுவது ஐந்து சரிபார்ப்புகள்: சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். எவ்வளவு தேர்ந்தவராயினும் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். அதாவது இத்தொழில் தன் நினைவை நம்பாதே என்றே கற்பிக்கிறது. ஆகவே ஐயம் இருவகைப்படும். 'இம்மருந்தின் அளவு சரிதானா?' என்பது செயலைப் பற்றிய ஐயம். அது உயிர் காக்கும். 'நான் இதற்குத் தகுதியுடையவளா?' என்பது தன்னைப் பற்றிய ஐயம். அது கையைக் கட்டும். முன்னதை வாழ்நாள் முழுதும் வைத்துக்கொள்ளலாம். பின்னதைப் பயிற்சிப் பள்ளி வாசலில் விட்டுவிட வேண்டும்.

உடல் பற்றிய ஐயம் ஒன்றே எஞ்சுகிறது. அது மெய்யானது. இரவுப்பணி கடினம், கால் வீங்கும், மூன்றாண்டுப் படிப்பில் வீட்டுப் பணிகள் தடைப்படும். இச்சுமையை அவள் ஒருத்தியின் மன உறுதியால் மட்டும் தூக்கிவிட முடியாது. கணவர் அடுப்படியில் பங்கேற்க வேண்டும். மாமியார் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். மகன் தாயின் பாடப்புத்தகத்தை எடுத்து வைத்துக் கேள்வி கேட்க வேண்டும். 'இந்த வயதிலா?' என்று கேட்கும் வாய், 'எந்நேரம் வகுப்பு?' என்று கேட்கப் பழக வேண்டும்.

ஔடத தானத்தை நால்வகைத் தானங்களுள் ஒன்றாகப் போற்றும் குடும்பங்கள் மருந்துக்குப் பொருள் வழங்குவதில் என்றும் பின்தங்கியதில்லை. அம்மருந்தை உரிய வேளையில் நோயாளியின் வாயருகே கொண்டுசெல்லும் கையும் அத்தானத்தின் பகுதியே. அத்தகைய கை உங்கள் இல்லங்களில் ஏதேனும் ஒன்றில், தயங்கியபடி, விண்ணப்பப் படிவத்தைப் பிடித்திருக்கக்கூடும். அதனை நிரப்பி முடிக்க அவளுக்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கிக் கொடுங்கள். சேர்வராயன் மலையின் ஏதோ ஒரு வாசலில் அவளுக்காகக் காத்திருப்போர் உளர்.