படத்தில் அழித்தால் கடலில் அழியுமா?

(பழைய மாணவர் சங்கமத்தில் ஆற்றிய உரை)



ஐந்து நிமிஷத்துக்கு மேல் பேசக்கூடாது என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே நேரே கடலுக்குப் போய்விடுகிறேன்.

1977 மார்கழி. நான் இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கடற்படைப் பிரிவு என்.சி.சி. கேடட். அதற்கு முந்தைய மாதம்தான் ஆந்திராவில் திவிசீமையைப் புயல் வாரிக்கொண்டு போயிருந்தது. இங்கே வாடைக்காற்று இன்னும் அடங்கவில்லை. படகை இறக்குகிற பேச்சே இல்லை. "நாம கடலுக்குப் போக முடியாட்டி என்ன, கடலைக் கிளாஸுக்குக் கொண்டாந்துடுவோம்" என்றார் எங்கள் பயிற்றுநர். மயிலாப்பூரே சபாக்களில் கச்சேரி கேட்டுக்கொண்டிருந்த சாயங்காலங்களில், நாங்கள் பன்னிரண்டு பேர் மாடி வகுப்பில் கடல் வரைபடத்தின் மேல் கவிழ்ந்து கிடந்தோம்.

முதல் நாள் வேலை, படத்தைத் திருத்துவது. அந்தப் பழைய படத்தில் சென்னைக் கலங்கரை விளக்கம் ஹைகோர்ட் குவிமாடத்தில் இருந்தது. 1894 முதல் அங்கேதான் எரிந்தது. அந்த 1977-ல்தான் மெரினாவுக்கு வந்தது. ஊதா மையால் மாற்றிக் குறித்தோம்.

பிறகு கணக்கு. அட்சரேகையில் ஒரு டிகிரியின் அறுபதில் ஒரு பங்கு, ஒரு கடல் மைல். அதாவது 1852 மீட்டர். திசையில் ஒரே ஒரு டிகிரி பிசகினால், 60 மைல் போனபிறகு ஒரு மைல் தள்ளி நிற்போம். நம்ம ஊர் 13-வது டிகிரியில் இருப்பதால், துருவ நட்சத்திரமும் அடிவானத்துக்கு மேலே சுமார் 13 டிகிரியில் நிற்கும். கையை நீட்டிப் பிடித்தால் ஒரு முஷ்டியும் இரண்டு விரலும். மழை விட்ட ஒரு ராத்திரி மொட்டைமாடியில் அளந்து பார்த்து அசந்துபோனோம்.

முக்கியமான பாடம் வேறு. கடலில் நாம் இருக்கிற இடத்தை அறிய, கரையில் தெரியும் மூன்று அடையாளங்களின் திசையைக் காம்பஸில் பார்த்து மூன்று கோடுகள் போட வேண்டும். கோடுகள் ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும். ஆனால் சந்திக்காது! நடுவே ஒரு சின்ன முக்கோணம் விழும். "ஆபத்துக்கு எந்த மூலை கிட்டவோ, அங்கேதான் இருக்கோம்னு வெச்சுக்கணும்" என்பார் பயிற்றுநர். எனக்கு அந்த முக்கோணம் பிடிக்காது. யாரும் பார்க்காதபோது ரப்பரால் அழித்து, கோடுகளை ஒன்றாக்கி, அழகாக ஒரு புள்ளி வைத்துவிடுவேன். நோட்டு சுத்தமாக இருக்கும்.

தை மாதம் படகை இறக்கினோம். மெரினாவுக்கு வெளியே பாய்விரித்துவிட்டுத் துறைமுகம் திரும்பும் வழியில், படம் என் மடியில். சாந்தோம் சர்ச், கலங்கரை விளக்கம், ஹைகோர்ட் குவிமாடம். மூன்று கோடு, பெரிய முக்கோணம். வழக்கம்போல அழித்தேன், புள்ளி வைத்தேன். சிறிது நேரத்தில் பனிமூட்டம் கரையை மறைத்துவிட்டது. என் புள்ளியை நம்பித்தான் சுக்கான் பிடித்தவன் பிடித்தான்.

முதலில் அலை கல்லில் மோதுகிற சத்தம் கேட்டது. அப்புறம் துறைமுகத் தடுப்புச் சுவரின் பாறைகள் எதிரே தெரிந்தன. பாயை இறக்கி, எல்லோரும் துடுப்பை வலித்துத் தப்பினோம். முதலாண்டுப் பையன் ஒருவன் அழுதுவிட்டான். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

கரையேறியதும் பயிற்றுநர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ரப்பர் தேய்த்த தடம் தெரிந்தது. முக்கோணத்தின் ஒரு மூலை அந்தப் பாறைப் பக்கமே நீண்டிருந்தது. அவர் திட்டவில்லை. "படத்துல அழிச்சா கடல்ல அழியுமாடா?" என்றார். அவ்வளவுதான்.

கூட வந்தவர்களிடம் அன்று நான் உண்மையைச் சொல்லவில்லை. "கணக்குல ஏதோ பிசகு" என்று மழுப்பிவிட்டேன். அவர்களில் மூன்று பேர் இந்த அரங்கில் இருக்கிறார்கள். நண்பர்களே, அது கணக்கு பிசகு இல்லை, என் பிசகு. இத்தனை வருஷம் கழித்து மன்னிப்புக் கேட்கிறேன்.

மாணவச் செல்வங்களே, "இப்போ ஜி.பி.எஸ். இருக்கே சார்" என்பீர்கள். இருக்கிறது. உங்கள் செல்போனில் நீலப் புள்ளியைப் பாருங்கள். அதைச் சுற்றி வெளிறிய ஒரு வட்டம் இருக்கும். 'நீ இதற்குள் எங்கோ இருக்கிறாய், எனக்கும் அவ்வளவுதான் நிச்சயம்' என்று அந்த இயந்திரமே ஒப்புக்கொள்கிறது. ஆய்வுக்கூட ரெக்கார்டோ, ஆபீஸ் கணக்கோ, எதிலும் உங்கள் முக்கோணத்தை அழிக்காதீர்கள். உங்களை நம்பிச் சுக்கான் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.