பேனை மாதிரிப் பிடிக்கும் மோட்டார்

(தோட்ட மண்டபத்தில் இளைஞர் தொழிற்பயிற்சி தொடங்கிய அன்று நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



பயிற்சிக்கு வந்திருக்கிற இந்தச் சாமானை எல்லாரும் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டீர்கள். மேலே கொக்கியில் தொங்குவது மோட்டார். அதிலிருந்து பாம்பு மாதிரி இறங்குவது உறை. அதற்குள்ளே முறுக்குக் கம்பித் தண்டு சுழலும். நுனியில் பேனை அளவு கைப்பிடி. கீழே தையல் மெஷினுக்கு உள்ளதைப் போல ஒரு கால் மிதி, அழுத்த அழுத்த வேகம் கூடும். நகைப் பட்டறைகளில் இதை வைத்துத்தான் வேலை செய்கிறார்கள். நாங்கள் பிடுங்கிப் போட்ட பழைய தேயிலைக் கட்டையில் செதுக்கப் பழக்கப் போகிறோம்.

பேனை மாதிரி இருப்பதால் யாருக்கும் பயம் வருவதில்லை. எங்களுக்கு அதுதான் பயம். நிமிடத்துக்கு 15,000 சுற்றுக்கு மேலும் ஓடக்கூடிய சாமான் இது.

சில வருடங்களுக்கு முன் எங்கள் தோட்டத்துப் பையன் ஒருவன் கொழும்பில் ஒரு பட்டறைக்கு வேலைக்குப் போனான். தீபாவளிக்கு வந்தபோது ஒரு கண்ணில் கட்டு. வெட்டுகிற மெல்லிய வட்டு உடைந்து தெறித்திருக்கிறது. பட்டறையில் கண்ணாடி கொடுக்கவில்லை, அவனும் கேட்கவில்லை. அந்தக் கண்ணில் இப்போ வெளிச்சம் மட்டும்தான் தெரியுது. வேலையில் நடந்த காயத்துக்கு நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று இருக்கிறது என்று நாங்களும் அவனுக்கு நேரத்தோடு சொல்லவில்லை. அது எங்கள் பிழை.

வட்டு ஏன் உடைந்தது? அழுத்தினான், கையும் கொஞ்சம் திரும்பியது. பிள்ளைகளா, அழுத்தாதீங்க. அழுத்தினால் வேகம் குறையும், மரம் கருகும், முனை துள்ளும். மெதுவாகத் தொட்டுத் தொட்டு எடுத்தால் வேகமே வெட்டிக் கொடுக்கும். கொழுந்து எடுக்கிற அம்மாமாருக்கு இது புதிதில்லை. அரும்பைக் கசக்காமல் எடுக்கிற அந்தக் கைதான் இதற்கும் வேண்டும். ஆம்பிளைப் பிள்ளைகள்தான் கவ்வாத்துக் கத்தி பிடிக்கிற மாதிரிப் பிடிக்கிறார்கள்!

முனையின் தண்டை நன்றாக உள்ளே தள்ளி இறுக்க வேண்டும். வெளியே நீட்டி நின்றால் வேகத்தில் வளைந்துவிடும். வட்டின் பெட்டியில் எத்தனை சுற்று என்று போட்டிருக்கும், அதைத் தாண்டக்கூடாது. கம்பிப் பிரஷ்ஷை வேலைக்கு முன் ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டு, எதிரே நிற்காமல் தள்ளி நில்லுங்கள். கழன்ற கம்பிகள் அப்போதே பறந்துவிடும்.

முனை மாற்றும்போது பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை நிறுத்தினால் போதாதா என்று ஒரு தம்பி கேட்டார். போதாது. மிதி தரையில் கிடக்கிறது, யாராவது தெரியாமல் சுவிட்சைப் போட்டுவிட்டால் தவழுகிற பிள்ளை கை வைத்தாலும் ஓடும். இறுக்கிய சாவியை அதிலேயே விட்டுவிட்டு மிதித்தால் அது எங்கே பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

தலைமுடியைக் கட்டுங்கள். சால்வை, தொங்கும் சங்கிலி வேண்டாம். துணிக் கையுறையும் வேண்டாம், சுழலும் முனை அதைப் பிடித்து இழுத்துவிடும். கட்டையைக் கையில் பிடிக்காமல் வைஸில் இறுக்குங்கள். தூசிக்கு மாஸ்க் போடுங்கள். லயக் காம்பராவுக்குள், சின்னப் பிள்ளைகள் தூங்குகிற இடத்தில் இந்த வேலை கூடவே கூடாது. பல்ப் ஹோல்டரில் இருந்து கரண்ட் இழுக்கிற பழக்கமும் இங்கே நடக்காது.

உறையை முறித்து வளைத்தால் உள்ளே தண்டு சூடாகும். கைப்பிடி சுட்டால் நிறுத்திப் பாருங்கள். சுமார் 50 மணித்தியாலம் ஓடியதும் தண்டைத் துடைத்துக் கொஞ்சமாகக் கிரீஸ் போட வேண்டும்.

கண்ணில் ஏதும் குத்தினால் கசக்காதீர்கள், பிடுங்காதீர்கள், மருந்து விடாதீர்கள். ஒரு சுத்தமான கப்பைக் கவிழ்த்துக் கட்டி நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

கண்ணாடி 4 தான் வந்திருக்கிறது. ஆகவே ஞாயிறு காலையில் ஒரு தடவைக்கு 4 பேர் மட்டும் உட்காருவார்கள், மற்றவர்கள் கோட்டுக்கு வெளியே. கட்டையை அவரவர் காயவைத்துக் கொண்டுவர வேண்டும், ஈரக்கட்டை எடுக்கமாட்டோம்.