லால்பாக்கும் ஒரு நகரத்தின் பிழைப்பும்

தமிழகத்தை விட்டு வேற்று மாநிலங்களில் குடியேறி வாழும் நம்மில் மிகப் பலர் பெங்களூரில் இருக்கின்றனர். விடுமுறை நாளில் குழந்தைகளை லால்பாக்குக்கு அழைத்துச் செல்லாத தமிழ்க் குடும்பம் அங்கே அரிது. கண்ணாடி மாளிகையைச் சுற்றி வருகிறோம், கெம்பே கவுடர் கோபுரம் நிற்கும் பாறைமேல் ஏறிக் காற்று வாங்குகிறோம், வீடு திரும்புகிறோம். பூங்கா என்பது ஓய்வுக்கு உரிய இடம் என்பதோடு நம் எண்ணம் நின்றுவிடுகிறது. அந்தத் தோட்டம் ஒரு நகரத்தின் தோற்றத்தையும், அதைச் சூழ்ந்த சிற்றூர்களின் பிழைப்பையும் உருவாக்கிய வகையை இன்று எடுத்துரைக்க விரும்புகிறோம்.

ஹைதர் அலி 1760-ஆம் ஆண்டில் இத்தோட்டத்துக்கு அடிகோலினார். அவர் மகன் திப்பு சுல்தான் அயல்நாடுகளிலிருந்து விதைகளையும் கன்றுகளையும் தருவித்தார். 1800-இல் இங்கு வந்த பிரான்சிஸ் புக்கானன் தாம் கண்டதை எழுதி வைத்திருக்கிறார். சதுரம் சதுரமான பாத்திகள், இடையே நடைபாதைகள், ஓரங்களில் சைப்ரஸ் மரங்கள், எருதுகளைப் பூட்டிக் கமலையால் நீர் இறைக்கும் கிணறுகள். அரசர் உலாவுவதற்கு மட்டும் இவ்வளவு பாடு வேண்டியதில்லை அன்றோ? இம்மண்ணில் எது வேர்பிடிக்கும், எது பட்டுப்போகும் என்று பார்த்தறியும் சோதனைக் கழனியாகவும் அது இருந்தது.

அந்தச் சோதனையின் பயன் நம் அடுக்களை வரை வந்திருக்கிறது. 1874 முதல் 1908 வரை லால்பாக்கின் பொறுப்பில் இருந்தவர் ஜான் கேமரன். கண்ணாடி மாளிகைக்கு 1889-இல் கால்கோள் இட்டதும் அவர் காலத்தில்தான். சௌசௌ என்னும் காயை இப்பகுதியில் பரப்பியவரும் அவரே என்பர். மெக்சிகோ நாட்டுப் பக்கத்துக் கொடி அது. பூசணிக்கும் வெள்ளரிக்கும் உறவு, கத்தரிக்குச் சிறிதும் உறவன்று. ஆயினும் நம் பாட்டிமார் அதனைப் 'பெங்களூர்க் கத்தரிக்காய்' என்றே அழைத்துக் கூட்டு வைத்தனர். எங்கிருந்து வந்தது என்பதைப் பெயரிலேயே முடிந்து வைத்துவிட்டார்கள்!

இங்கே பொருளாதாரம் எப்படி நுழைகிறது? கேழ்வரகு விதைத்தவன் சில மாதங்களில் பலன் காண்கிறான். தவறினால் மறு பருவத்தில் மாற்றிக்கொள்கிறான். மாங்கன்று நட்டவனோ பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். காய்த்த பிறகே அது புளிப்பு மாங்காய் என்று தெரிந்தால், போன ஆண்டுகள் மீளா. ஏழைக் குடியானவனால் இத்தகைய சோதனையைத் தாங்க இயலாது. அரசின் தோட்டம் அந்தச் சுமையைத் தானே ஏற்கிறது. நல்ல தாய்மரங்களை வளர்க்கிறது. அவற்றிலிருந்து ஒட்டுக்கன்றுகள் எடுத்து விற்கிறது. கத்தி பிடித்து ஒட்டுக் கட்டும் தொழிலை இளைஞர்களுக்குக் கற்பிக்கிறது. மலர்க்காட்சியில் நாம் வியந்து நிற்கும் பூக்களைக் காட்டிலும், நாற்றுப் பண்ணையில் வரிசையாக நிற்கும் அழகில்லாத கன்றுகளே நாட்டுக்குச் சோறு போட்டன என்பது நம் கருத்து.

பின்னர் டாக்டர் மரிகவுடா இப்பணியைத் தோட்டத்தின் மதில்களுக்கு வெளியே கொண்டுசென்றார். விளைவித்தால் போதாது, விற்கவும் வழி வேண்டும் என்பதை உணர்ந்தவர் அவர். 1959-இல் திராட்சை பயிரிடுவோரின் கூட்டுறவுச் சங்கம் ஒன்று தோன்றியது. இன்று பெங்களூர்த் தெருமுனைகளில் நாம் காய்கனி வாங்கும் ஹாப்காம்ஸ் கடைகள் அச்சங்கத்தின் வழிவந்தவை. எல்லைக்கு இப்பால் நம் ஓசூர் வட்டாரத்தில் ரோஜா வளர்த்து வெளிநாட்டுக்கு அனுப்புவோரும் அதே பீடபூமியின் குளிர்ச்சியைக் கொண்டே வாழ்கின்றனர்.

நகரின் அழகுக்கு வருவோம். 1908-இல் பெங்களூருக்கு வந்த கிரும்பீகல் என்னும் ஜெர்மானியர், இலண்டன் கியூ தோட்டத்தில் பயின்று, பரோடா அரசில் பணி புரிந்தவர். சாலைக்கு நிழல் வேண்டும் என்பதோடு அவர் நிற்கவில்லை. ஓரினம் பூத்து ஓயும்போது மற்றோரினம் பூக்கும்படி மரங்களைத் தேர்ந்து நட வேண்டும் என்றார். ஜகரண்டா ஊதா நிறத்தில் உதிர்ந்த பின் குல்மோகர் சிவந்து எரிவது தற்செயல் அன்று. அது ஒருவர் வகுத்த கணக்கு.

வகுத்தவர்களின் பெயர்கள் நூல்களில் இருக்கின்றன. மண்வெட்டி பிடித்தவர்கள் யார்? அவர்களுள் முதன்மையானோர் திகளர். கன்னடத்தில் இப்பெயர் முற்காலத்தில் தமிழரைக் குறித்தது. தமிழ்ப் பகுதியிலிருந்து பல தலைமுறைகளுக்கு முன் வந்து, ஏரிக்கரைகளில் கீரையும் பூவும் காயும் விளைவித்து இந்நகரை ஊட்டியவர்கள் இவர்கள். தர்மராயசுவாமி கோயிலின் கரகத் திருவிழா இவர்களுடையது. நாம் பெங்களூருக்கு நேற்று வந்தவர்கள். அவர்களோ அந்நகரின் பழங்குடிகள்.

தோட்டத்துக்கு நீர் வேண்டும். நீருக்கு ஏரி வேண்டும். நகரம் பெருகப் பெருக ஏரிகள் மனையாயின. பூங்காக்களைக் காக்க 1975-இல் கர்நாடகம் சட்டம் இயற்றியது. அதன் பின்னும், 2009-இல் மெட்ரோ ரயில் பாதைக்கென லால்பாக்கின் ஓரத்து மரங்கள் வீழ்ந்தபோது மக்கள் தெருவில் இறங்க நேர்ந்தது. 2025-இல் சுரங்கச் சாலைக்காக அங்கே இடம் கோரப்பட்டபோதும் எதிர்ப்பு எழுந்தது. போக்குவரத்தும் வேண்டியதே, அதனை மறுப்பாரில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் "சிறிதளவு நிலந்தானே" என்ற பேச்சு எழுகிறது. சிறிது சிறிதாக எடுத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சம்பங்கி ஏரி சான்று. திகளர் தோட்டங்கள் அதன் கரையில் செழித்திருந்தன. இன்று அங்கே கண்டீரவா விளையாட்டரங்கம் நிற்கிறது. கரகச் சடங்குக்கு நீர் வேண்டுமே என்பதால், ஏரியின் நினைவாக ஒரு சிறு குளத்தை மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள்.